வேடர் கிராமத்துப் பெண்பிள்ளை பாடசாலைக்கு வராமல் நின்றால்: எங்கே தொடங்குவது, யாரிடம் போவது

இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைப் பக்கம் புதிதாக நியமனம் கிடைத்துப் போகும் ரீச்சர்மார், முன்பள்ளி நடத்துகிறவர்கள், ஏதாவது ஒரு நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளில் கிராமத்துக்குப் போய்வரும் தம்பி தங்கச்சிமார், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குஞ்சாங்குளம், மதுரங்கேணிக்குளம் மாதிரி, பழங்குடிகளான வேடர் இருக்கிற கிராமங்களில் ஒரு பெண்பிள்ளை ஏழாம் எட்டாம் வகுப்பில் வராமல் நின்றுவிட்டால் வழமையாக என்ன நடக்கும்? வரவு இடாப்பில் வரிசையாகப் பூச்சியம் விழும், வகுப்பாசிரியர் ஒரு தரம் வீட்டுக்குப் போவார், தாய் "திங்கட்கிழமை அனுப்புறன் ரீச்சர்" என்பார், திங்கட்கிழமை வரும், பிள்ளை வராது. பிறகு ஆசிரியர் அறையில் "அந்தச் சனத்துக்குப் படிப்பில அக்கறை இல்ல" என்ற பேச்சோடு விஷயம் முடிந்துவிடும்.

அந்தப் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு வாசியுங்கள். நான் பார்த்த வரைக்கும் படிப்பே வேண்டாம் என்று நிற்கிற பிள்ளை மிகக் குறைவு. ஒரு பத்திரம் இல்லாமல், போய்வர வழி இல்லாமல், தம்பியைப் பார்க்க ஆள் இல்லாமல், வகுப்பில் பட்ட வெட்கத்தைச் சொல்ல முடியாமல் நிற்கிற பிள்ளைதான் அதிகம். இதில் எது என்று தெரியாமல் கல்வியின் பெருமை பற்றி விரிவுரை அடித்தால் தாய் தலையாட்டிக் கேட்பார், தேத்தண்ணி தருவார், அவ்வளவுதான். உங்கள் வேலை தடையைக் கண்டுபிடித்து அதை எடுப்பது. அறிவுரை சொல்ல ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

போவதற்கு முன்

வேடர் என்றதும் தம்பானையும் தோளில் கோடரி போட்ட பெரியவரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அது பதுளை மாவட்டம். அம்பாறையில் மகாஓயாப் பக்கம் பொல்லேபெத்தையில் இருக்கிறவர்களும், மாதுறு ஓயா தேசியப் பூங்கா 1983இல் பிரகடனமான காலத்தில் காட்டிலிருந்து எடுத்து ஹெனானிகலவில் குடியேற்றப்பட்டவர்களும் சிங்களம் பேசுகிறவர்கள். வாகரையிலிருந்து வெருகல் வரைக்கும் இருக்கிற கரையோர வேடர் வேறு. இவர்களுக்குத் தமிழ்தான் வீட்டு மொழி. வேடரைப் பற்றி ஆராய்ந்து எழுதிய செலிக்மன் தம்பதியர் 1911இலேயே இந்தக் கரையோர மக்கள் தமிழரோடு கலந்து தமிழ் பேசி வாழ்வதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே ஏதாவது ஒரு திட்ட அறிக்கையில் இந்தப் பிள்ளைகளுக்கு "மொழிப் பிரச்சினை" என்று இருந்தால் அது வேறு ஊரைப் பார்த்து எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தாயின் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று 13 வயதுப் பிள்ளையின் தாய்க்கு முப்பது முப்பத்தைந்து இருக்கும். அவர் பாடசாலைக்குப் போகிற வயதில் 2004 சுனாமி வந்தது, இரண்டு வருடத்தில் வாகரையில் சண்டை வந்தது, 2007 ஜனவரியில் ஊரே எழும்பி மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனது. எழுத்துக் கூட்டப் பழகியதோடு நின்றுபோன தலைமுறை அது. அப்படிப்பட்டவரிடம் ஒரு படிவத்தை நீட்டி "வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து வைங்க" என்றால் அவர் அடுத்த தரம் உங்களைக் கண்டதும் பின்வளவுக்குப் போய்விடுவார். படிவத்தை நீங்களே வாசித்துச் சொல்லுங்கள், கை அடையாளம் வைக்க வேண்டியிருந்தால் எல்லாருக்கும் முன்னால் வைக்கச் சொல்லாதீர்கள்.

காட்டைப் பற்றியும் இரண்டு வரி. தேன் எடுப்பது, வேட்டை, கிழங்கு, எல்லாம் ஒரு காலத்தில் சீவியம். இப்போது வனத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் எல்லை போட்ட பிறகு காட்டுக்குள் போவதே குற்றம் மாதிரி ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது கொஞ்சம் சேனை (காடு வெட்டி எரித்துச் செய்கிற பயிர்), களப்பில் மீன் நண்டு, கூலி வேலை. ஒரு இடத்தில் இருந்து உழைக்க முடியாத குடும்பம் வேலை இருக்கிற இடத்துக்கு நகரும், பிள்ளையும் கூடப் போகும். இடாப்பில் "நீண்ட நாள் வரவின்மை" என்று எழுதுவதில் பெரும்பகுதி இதுதான்.

முதல் தரம் வீட்டுக்குப் போகும்போது

காலையில் போகாதீர்கள், பெரியவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். பின்நேரம் நாலு மணிக்குப் போய், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள். ஆனை வரும் பாதை என்றால் அந்த ஊர்க்காரர் சொல்கிற நேரத்தைக் கேளுங்கள், உங்கள் துணிச்சலைக் காட்டுகிற இடம் அதுவல்ல. ஆண் என்றால் தனியாகப் போகவே வேண்டாம். முன்பள்ளி ஆசிரியையோ குடும்பநல மாதுவோ கூட வந்தால் நல்லது. குறிப்பாகக் குடும்பநல மாதுவுக்கு அந்த வீட்டில் எத்தனை பிள்ளை, யாருக்கு எந்த வருடம் ஊசி போட்டது, தாய் இப்போது எங்கே என்பது எல்லாம் தெரியும்.

பெண்பிள்ளை விஷயத்தில் முடிவு எடுப்பது பல வீடுகளில் தகப்பன் இல்லை. மட்டக்களப்புப் பக்கம் கலியாணம் முடித்த பிறகு பெண்வீட்டோடு குடியிருப்பதுதான் வழக்கம், ஆகவே அம்மம்மா அதே வளவில்தான் இருப்பார். வெற்றிலைத் தட்டோடு ஒரு ஓரத்தில் பேசாமல் இருக்கிறார் என்று அவரை விட்டுவிட்டுத் தாயிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால், நீங்கள் படலையைத் தாண்டியதும் வேறு முடிவு வரும். அவருக்குப் பக்கத்தில் இருந்து பேசுங்கள்.

"ஏன் புள்ளைய அனுப்பல்ல?" என்று கேட்காதீர்கள். அது குற்றம் சாட்டுகிற கேள்வி, அதற்கு "சுகமில்ல" என்ற பதில் தயாராக இருக்கும். "கடைசியாப் போன நாள் என்ன நடந்த?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத்தான் சரியான பதில் வரும். சப்பாத்து அறுந்துபோய் வெறும் காலோடு போனாள், வாசலில் நிறுத்தி வைத்தார்கள். புது ரீச்சர் ஏதோ பாடத்துக்கு எண்பது பக்கக் கொப்பி கேட்டார், காசு இல்லை. பஸ்ஸில் வந்த பெடியன்கள் "வேடத்தி" என்று கத்தினார்கள். அல்லது தாய் சிரித்துக்கொண்டு தலையைக் குனிவார், அப்போது பிள்ளை பெரியபிள்ளை ஆகிவிட்டாள் என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

பிள்ளையிடமும் கேளுங்கள், ஆனால் தாய்க்கு முன்னால் பரீட்சை வைக்கிற மாதிரி வேண்டாம். "இத வாசி பாப்பம்" என்று ஒரு புத்தகத்தை நீட்டுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. வாசிக்கத் தெரியாததால்தான் அவள் நின்றிருக்கிறாள் என்றால் அந்த ஒரு நிமிடத்தோடு உங்கள் வேலை முடிந்தது.

படம் எடுக்காதீர்கள். சப்பாத்துக் கொடுக்கும் படம், கொப்பி கொடுக்கும் படம், பேஸ்புக்கில் "பழங்குடிச் சிறுமிக்கு உதவி" என்று தலைப்பு. அந்தப் படத்தை அவளோடு படிக்கிற பிள்ளைகளும் பார்க்கிறார்கள் என்பது எடுக்கிறவருக்கு ஏன் தோன்றுவதில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பத்திரம்

பாதி வழக்குகளில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது, வெளியே தெரிவது பிந்தித்தான். முதலாம் வகுப்பில் அதிபர் இரக்கப்பட்டுப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமலே சேர்த்திருப்பார். ஐந்தாம் வகுப்பு முடிந்து அடுத்த பாடசாலைக்குப் போகும்போது விடுகைப் பத்திரத்தோடு பிறப்புச் சான்றிதழையும் கேட்பார்கள். அதையும் எப்படியோ தாண்டினால், ஓ.எல். (சாதாரண தர) பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டை இல்லை. பத்து வருடம் படித்த பிள்ளை கடைசியில் இந்த வாசலில் வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது இது. முதலில் உண்மையிலேயே பதியவில்லையா என்று பாருங்கள், ஏனென்றால் பதிவு இருந்தும் சான்றிதழ் தொலைந்த வீடுகள் நிறைய. சுனாமியில் போனது, இடம்பெயர்வில் போனது, கறையான் தின்றது. பிறப்பு எங்கே நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவாகும், தாய் எந்த ஊர் என்பது கணக்கில்லை. வாழைச்சேனை ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் பதிவை வாகரையில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. கிளினிக் கார்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பிறந்த இடமும் திகதியும் அதில் இருக்கும்.

பதிவே இல்லை என்றால் காலங்கடந்த பதிவு செய்ய வேண்டும். பிறந்து மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் சாதாரணமாகப் பதிவாளரிடம் போய்ச் சொல்லிப் பதிய முடியாது, விண்ணப்பம் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளருக்குப் போகும். இந்தப் பகுதியில் பிறந்த பிள்ளைக்கு அது வாகரையில் உள்ள கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகம். பிள்ளை பிறந்ததற்கும் வயதுக்கும் அத்தாட்சியாகக் கிளினிக் கார்ட், கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, பாடசாலை இடாப்புப் பிரதி, அண்ணன் அக்காவின் பிறப்புச் சான்றிதழ் என்று வீட்டில் என்ன இருக்கிறதோ அத்தனையையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒன்றுக்கும் வழியில்லாத பெரிய பிள்ளைகளுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, அதையும் அங்கேயே கேட்கலாம்.

இடையில் இரண்டு முட்டுக்கட்டை வரும். ஒன்று, தாய் தகப்பன் விவாகப் பதிவு செய்திருக்க மாட்டார்கள். அதனால் பிள்ளையைப் பதிய முடியாது என்று யாராவது சொன்னால் அது பிழை. தகப்பனும் தாயும் இருவரும் வந்து கேட்டுக் கையெழுத்து வைத்தால் தகப்பன் பெயரும் பதியலாம், தகப்பன் விட்டுவிட்டுப் போயிருந்தால் அந்தக் கூட்டை வெறுமையாக விட்டுப் பதியலாம். இரண்டாவது, இனம் என்ற கூடு. கரையோர வேடர் பலரின் பத்திரத்தில் இலங்கைத் தமிழர் என்றுதான் இருக்கும். தங்களை வேடர் என்று பதிய வேண்டும் என்ற கோரிக்கை அந்தச் சமூகத்துக்குள் இருக்கிறது, அது நியாயமானது, ஆனால் ஒரு பிள்ளையின் பாடசாலை அனுமதி தொங்கிக்கொண்டிருக்கும் கோப்பை வைத்து அதைத் தொடங்காதீர்கள். தொடங்குவதும் விடுவதும் அவர்களின் தீர்மானம்.

பத்திரம் வரும் வரைக்கும் பிள்ளை வீட்டில் இருக்கக் கூடாது. இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வரை கட்டாயக் கல்வி, முன்பு 14 ஆக இருந்ததை 2016இல் 16 ஆக்கினார்கள். ஆகவே அதிபரிடம் "தற்காலிகமாச் சேருங்க சேர், விண்ணப்பம் போட்ட துண்டு இந்தா இருக்கு" என்று கேளுங்கள். மறுத்தால் மெதுவாக ஒரு வசனம்: "அப்ப சேர்க்க ஏலாது எண்டு எழுதித் தாங்க, நான் வலயத்துக்குக் குடுக்கிறன்." எழுதித் தருகிற அதிபரைக் காண்பது அரிது, அநேகமாகப் பிள்ளையைச் சேர்த்துவிடுவார். வாகரை கல்குடா கல்வி வலயத்தின் கீழ் வருகிறது, அங்கே முறைசாராக் கல்விக்கு என்று ஒரு பிரிவு இருக்கிறது, பாடசாலைக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளின் பொறுப்பு அவர்களுடையது.

ஆறாம் வகுப்பு

கிராமத்துப் பாடசாலை ஐந்தாம் வகுப்போடு முடிகிற ஊர்களில் பெண்பிள்ளைகள் கூட்டமாக நிற்பது இந்த இடத்தில்தான். ஆண்பிள்ளை சைக்கிளில் போய்விடுவான், இல்லாவிட்டால் ஒரு ட்ராக்டரில் தொங்கிக்கொண்டாவது போவான். பெண்பிள்ளை காட்டுப் பாதையால் தனியாகப் போவதைத் தாய் விரும்பமாட்டார், அது நியாயம்தான். சாப்பாட்டையும் கவனியுங்கள். பாடசாலை மதிய உணவு ஆரம்பப் பிரிவுக்குத்தான் ஒழுங்காகக் கிடைக்கிறது, ஆறாம் வகுப்புக்குப் போனால் தூரம் கூடும், உணவு நிற்கும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து பாடசாலை விடும் வரைக்கும் இருந்துவிட்டுத் திரும்பி நடக்க வேண்டிய பிள்ளை எத்தனை நாளைக்கு வரும்?

ஆகவே ஐந்தாம் வகுப்பின் கடைசித் தவணையிலேயே வேலையைத் தொடங்குங்கள். ஜனவரியில் தொடங்கினால் பிந்திவிடும். அந்த வகுப்பில் எத்தனை பெண்பிள்ளைகள், ஒவ்வொருவரும் எந்தப் பாடசாலைக்குப் போகப்போகிறார்கள், யாரோடு போவார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒருத்தியைத் தனியாக அனுப்புவதற்கு மினக்கெடாதீர்கள், இரண்டு மூன்று பேரை ஒன்றாகச் சேருங்கள், ஒரே வகுப்புப் பிரிவில் போடச் சொல்லிக் கேளுங்கள். ஒருத்தி நின்றால் மற்றவளும் நிற்பாள் என்ற ஆபத்து உண்டுதான், ஆனால் தனியாகப் போனவள் முதல் மாதமே நின்றுவிடுவாள்.

பிரதான வீதி வரைக்கும் வந்துவிட்டால் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸுக்கு மாணவர் பருவச்சீட்டு எடுக்கலாம், அதிபரின் கையொப்பத்தோடு விண்ணப்பம், காசு கொஞ்சம்தான். சிக்கல் உள்பாதைதான். அதற்குச் சைக்கிள் கொடுப்பது நல்ல யோசனை என்று எல்லாரும் நினைப்பார்கள், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கொடுத்த சைக்கிள் அடுத்த கிழமையே தகப்பன் களப்புக்குப் போகிற சைக்கிள் ஆகும். அதற்காக அவரைத் திட்ட முடியாது, அந்த வீட்டில் இருக்கிற ஒரே வாகனம் அது. சைக்கிள் கொடுப்பதாக இருந்தால் பெண்பிள்ளைகளுக்கான சிறிய சைக்கிளாகப் பாருங்கள், ட்யூப் ஒட்டுகிற செலவுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். மாரி காலத்தில் பாதை வெள்ளத்தில் மூழ்கினால் சைக்கிளும் உதவாது, அந்த நாட்களுக்கு வீதியோரத்தில் ஒரு உறவினர் வீட்டில் தங்க முடியுமா என்று குடும்பத்தோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.

விடுதி, சிறுமியர் இல்லம் என்ற யோசனையும் வரும். அவசரப்படாதீர்கள். நல்ல இடங்கள் இருக்கின்றன, ஆனால் பிள்ளையைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பார்க்க முடியாமல் இருக்கும் தாயின் நிலையை யோசியுங்கள். இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்று நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் கேளாமல் ஒரு பிள்ளையையும் அனுப்ப வேண்டாம்.

வீட்டு வேலை, தம்பி, சேனை

தாய் கூலிக்கோ களப்புக்கோ போனால், அல்லது வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டால், மூத்த பெண்பிள்ளைதான் அந்த வீட்டின் தாய். காலையில் தண்ணீர், சமையல், தம்பியைக் குளிக்க வைப்பது. நுண்கடன் தவணைக்காரர் வருகிற நாளில் வீட்டில் நின்று "அம்மா இல்ல" என்று சொல்வதும் அவள்தான்.

இதில் நான் கண்டதில் மிக நன்றாக வேலை செய்கிற வழி ஒன்று: அக்காவைப் பாடசாலைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் தம்பியை முன்பள்ளியில் சேருங்கள். மூன்று நாலு வயதுப் பிள்ளை காலையில் முன்பள்ளிக்குப் போய்விட்டால் அக்காவின் காலை விடுபடும். முன்பள்ளி முடிகிற நேரமும் பாடசாலை விடுகிற நேரமும் ஒத்துவராது, இடையில் இரண்டு மணித்தியாலம் இருக்கும், அந்த நேரத்தை அம்மம்மாவோ பக்கத்து வீட்டு மாமியோ பார்த்தால் போதும். இரண்டு மணித்தியாலம் பார்ப்பதற்கு ஆள் கிடைக்கும், நாள் முழுக்கப் பார்ப்பதற்குத்தான் கிடைக்காது. பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், முன்பள்ளி இல்லாத கிராமம் என்றால் அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

சேனைக் காலத்தைப் பொறுத்தவரை, ஊரின் நாட்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள். மழைக்கு முன் வெட்டி எரிப்பார்கள், மாரி மழையோடு விதைப்பார்கள், சோளமும் கச்சானும் முற்றும்போது ஆனைக்கும் பன்றிக்கும் காவல் இருக்க முழுக் குடும்பமும் வாடி போட்டுக்கொண்டு சேனையில் தங்கும். பாடசாலையின் புது வருட வகுப்புகள் தொடங்குவதும் அந்த நேரத்தோடுதான் முட்டுகிறது. அந்தக் கிழமைகளில் வரவில்லை என்று பெயரை வெட்டாதீர்கள். பாடக் குறிப்பை ஒரு கூட்டாளிப் பிள்ளை மூலம் அனுப்புங்கள், திரும்பி வரும் திகதியைத் தகப்பனிடம் கேட்டு வாங்கி அந்த நாளில் ஆள் அனுப்புங்கள். "மறுகா அனுப்புறன்" என்றால் அது திகதி இல்லை, "பௌர்ணமி முடிஞ்சு" என்றால் அது திகதி.

காசு விஷயம் சுருக்கமாக. பாடநூலும் சீருடைத் துணியும் இலவசம், கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்குப் பாதணி வவுச்சர் வருகிறது. 2025இல் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களின் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உபகரணம் வாங்க 6,000 ரூபாய் கொடுத்தார்கள். இவை எல்லாம் பட்டியலில் பெயர் இருந்தால்தான் கிடைக்கும், இடையில் நின்ற பிள்ளையின் பெயர் பட்டியலிலிருந்து முதலில் விழும். திரும்பச் சேர்த்த அன்றே பெயரைப் போடச் சொல்லுங்கள். சீருடைத் துணி இலவசம், தையல் கூலி இலவசம் இல்லை, அதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

பெரியபிள்ளை ஆன பிறகு

தண்ணீர் வார்ப்பதற்கு நாள் பார்த்து, சாமத்தியச் சடங்கு செய்யக் காசு சேரும் வரைக்கும் பிள்ளை வீட்டுக்குள் இருக்கும் வழக்கம் வேடர் கிராமத்தில் மட்டும் உள்ளது இல்லை, மட்டக்களப்பு முழுக்க உண்டு. வித்தியாசம் என்னவென்றால், காசு சேர இங்கே மாதம் எடுக்கும், அதற்குள் பிள்ளையின் பாடசாலைப் பழக்கம் விட்டுப்போகும். சடங்கை விமர்சித்துக்கொண்டு போகாதீர்கள். முதல் தண்ணீர் வார்த்ததும் பாடசாலைக்கு அனுப்பலாம், பெரிய சடங்கைப் பிறகு வைக்கலாம் என்று அம்மம்மாவிடம் பேசினால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். இதைப் பேச ஒரு பெண்தான் போக வேண்டும்.

பிறகு மலசலகூடம். பாடசாலையில் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். நீங்களே போய்க் கதவுக்குக் கொண்டி இருக்கிறதா, உள்ளே தண்ணீர் வருகிறதா, பாவித்த பேட்டைப் போட ஒரு வாளி இருக்கிறதா, சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். சாவி ஒரு ஆண் ஆசிரியரின் மேசையில் இருந்தால் அந்த மலசலகூடம் பெண்பிள்ளைக்கு இல்லாத மாதிரித்தான். கஷ்டப் பிரதேச மாணவிகளுக்கு அணையாடை வவுச்சர் கொடுக்கும் திட்டம் 2024இல் தொடங்கியது, உங்கள் பாடசாலைக்கு வந்ததா என்று கேளுங்கள். வவுச்சர் வந்தாலும் பக்கத்தில் கடை வேண்டும், ஆகவே பாடசாலையிலேயே கொஞ்சம் வாங்கி ஒரு பெண் ஆசிரியரிடம் கொடுத்து வைப்பது நடைமுறைக்கு நல்லது.

இளவயதில் கூட்டிக்கொண்டு போவது பற்றியும் சொல்ல வேண்டும். 14, 15 வயதில் ஒரு பெடியனோடு போய்விட்டால் இரு வீட்டாரும் பேசி "சரி, இருக்கட்டும்" என்று முடிப்பார்கள். சட்டப்படி விவாக வயது 18, 16க்குக் குறைந்த பிள்ளையோடு உறவு வைத்தால் பிள்ளை சம்மதித்தாலும் அது பாலியல் வல்லுறவுக் குற்றம். இதை ஊருக்குப் போகும் முதல் நாளே மிரட்டலாகச் சொன்னால் அடுத்த தரம் நடந்ததை உங்களுக்கு மறைப்பார்கள், கிளினிக்குக்கும் வரமாட்டார்கள். ஆனால் நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகு நீங்கள் பேசித் தீர்க்கிற பக்கம் நிற்கக் கூடாது. பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது 1929க்கு அழையுங்கள், அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். பிள்ளை கர்ப்பமாக இருந்தால் அவளுக்குப் படிப்பு முடிந்தது என்று அர்த்தமில்லை. பிள்ளை பிறந்த பிறகு வேறு பாடசாலையிலோ கீழே சொல்கிற வழிகளிலோ தொடரலாம், ஆனால் அதை அவளிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். அந்த யாராவது அநேகமாக நீங்கள்தான்.

திரும்பி வந்த முதல் மாதம்

இது முழுக்கப் பாடசாலையின் கையில். ஒரு வருடம் நின்ற 13 வயதுப் பிள்ளையை வயதைப் பார்த்து எட்டாம் வகுப்பில் இருத்தி, முதல் நாளே விஞ்ஞானம் வாசிக்கச் சொன்னால் அவள் இரண்டாம் நாள் வரமாட்டாள். வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் இருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளோடு இருத்துவது அதைவிட மோசம், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பாடவேளை பரிகாரக் கற்பித்தல் கொடுங்கள், நூலகத்திலோ மரத்தடியிலோ, மற்றவர்கள் எட்டிப் பார்க்காத இடத்தில். முன் வாங்கில் ஒரு பேச்சுக்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்துங்கள்.

"வேடத்தி", "காட்டான்" என்ற பேச்சு வகுப்பில் எழுந்தால் உடனே நிறுத்துங்கள், ஆனால் அவளை எழுப்பி நிறுத்தி "இவவும் எங்கட சகோதரி" என்று உரை நிகழ்த்தாதீர்கள். சொன்னவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். சில வேளை அந்தச் சொல் ஆசிரியரின் வாயிலிருந்தே பகிடியாக வரும், அதற்கு நான் மரியாதையான மருந்து ஒன்றும் வைத்திருக்கவில்லை, அதிபர்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குத் தேன்பூச்சி பற்றி, மீனின் வலசை பற்றி, மூலிகை பற்றித் தெரியும் என்று பாடத்தில் கொண்டுவருவது நல்லதுதான், அவளாக விரும்பிச் சொன்னால். காட்சிப் பொருளாக வில்லும் அம்பும் கொடுத்துக் கலைவிழா மேடையில் ஏற்றுவது வேறு விஷயம், அதைச் செய்ய வேண்டாம்.

முதல் கிழமை ஒவ்வொரு நாளும், பிறகு கிழமைக்கு ஒரு தரம், வரவைப் பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்கு ஆள் போக வேண்டும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

16 தாண்டிவிட்டால்

கட்டாயக் கல்வி வயது முடிந்துவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்று கோப்பை மூடுகிறவர்கள் உண்டு. வழிகள் இருக்கின்றன. ஓ.எல். எழுதிச் சித்தியடையாதவள் என்றால் 13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ் உயர்தரத்தின் தொழிற்பிரிவுக்குப் போகலாம், அது எந்தப் பாடசாலையில் நடக்கிறது என்று வலயத்தில் கேளுங்கள். ஓ.எல். வரைக்கும் வராதவளுக்குத் தொழிற்பயிற்சி அதிகார சபையின் தையல், அழகுக்கலை, சமையல் போன்ற பயிற்சிகள் உண்டு, சிலவற்றுக்குக் கல்வித் தகைமை பெரிதாகக் கேட்கமாட்டார்கள், முடித்தால் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். இங்கேயும் தூரம்தான் சிக்கல், வாகரையிலிருந்து மட்டக்களப்பு நகரம் 60 கிலோமீற்றருக்கு மேல், ஆகவே தங்குமிடம் உள்ள பயிற்சியா என்பதை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பிள்ளையிடம் சொல்லுங்கள்.

ஓ.எல். எழுத ஆசை இருக்கிறது, பாடசாலைக்குத் திரும்ப வெட்கமாக இருக்கிறது என்றால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். மாலை நேரத்தில் சொல்லிக் கொடுக்க ஏ.எல். (உயர்தரம்) படித்த ஒரு ஊர்ப் பிள்ளை போதும், முதல் தரம் ஆறு பாடத்தையும் குறிவைக்காமல் தமிழ், சமயம், வரலாறு, கலைப் பாடம் என்று பிடிபடக்கூடியதைத் தொடங்கலாம், கணிதத்தை அடுத்த தரம் பார்க்கலாம். விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கிராம உத்தியோகத்தர் மூலம் அடையாள அட்டைக்குப் போட்டுவிடுங்கள். பரீட்சை மண்டபத்து வாசலில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.